பழி வேறு, குற்றம் வேறு: ‘பிளேம்லெஸ்’ என்ற சொல்லை எங்கே வைப்பது?

கேள்வி: புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். ஓய்வுபெறும் உத்தியோகத்தர் ஒருவருக்கான ஆங்கில நற்சான்றுக் கடிதத்தில் ‘பிளேம்லெஸ் ரெக்கார்ட்’ என்று இருந்ததை, ‘சுத்தவாளியான சேவை’ என்று தமிழில் எழுதினேன். சட்டத்தரணி அதை வெட்டிவிட்டார். ‘இன்னசன்ட்’, ‘பிளேம்லெஸ்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே? – வாசகர், வெள்ளவத்தை

பதில்: சட்டத்தரணி வெட்டியது சரி. ‘சுத்தவாளி’ என்பது நம் நீதிமன்றங்களில் நாள்தோறும் புழங்கும் சொல். குற்றச்சாட்டு ஒன்று வாசிக்கப்பட்ட பிறகே அதற்கு வேலை வருகிறது. குற்றவாளி என்று எண்பிக்கப்படும் வரை ஒருவரைச் சுத்தவாளியாகவே கொள்ள வேண்டும் என்பது இலங்கை அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரையின் கருத்து. அங்கே ஆங்கிலத்தில் நிற்கும் சொல் ‘இன்னசன்ட்’. ஆகவே நற்சான்றுக் கடிதத்தில் ‘சுத்தவாளி’ என்று கண்டவர், இவர்மீது என்ன வழக்கு இருந்தது என்றுதான் முதலில் கேட்பார். பாராட்ட எழுதிய கடிதமே ஐயத்தை விதைத்துவிடும்.

தமிழில் குற்றம் என்றும் பழி என்றும் இரண்டு சொற்கள் இருப்பது இங்கே பெரிய உதவி. குற்றம் என்பது ஒருவரின் செயலில் இருக்கிறது. பழி பிறர் வாயில் இருக்கிறது. ‘இன்னசன்ட்’ என்பதன் வேர், தீங்கு செய்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. எனவே அது தீங்கு செய்யாதவர் என்று செய்கையைச் சுட்டுகிறது. ‘பிளேம்’ என்பதோ பழைய பிரெஞ்சு வழியாக வந்த கிரேக்கச் சொல். தெய்வநிந்தனையைக் குறிக்கும் ‘பிளாஸ்ஃபமி’யும் அதே வேரிலிருந்துதான் பிறந்தது. இழித்துப் பேசுதல் என்பதே அந்த வேரின் பொருள். நம் ‘பழிச்சொல்’லும் பேச்சோடு ஒட்டியே நிற்பதால், ‘பிளேம்லெஸ்’ என்பதற்குப் ‘பழியற்ற’ என்பதைவிட நெருங்கிய சொல்லை நான் அறியேன்.

கோவலனை எண்ணிப் பாருங்கள். சிலம்பைத் திருடினான் என்ற குற்றச்சாட்டில் அவன் முழுச் சுத்தவாளி. ஆங்கிலத்தில் தயங்காமல் ‘இன்னசன்ட்’ என்று எழுதலாம். ஆனால் கண்ணகியைத் தனியே விட்டு மாதவியோடு வாழ்ந்தவனைப் ‘பிளேம்லெஸ்’ என்று எழுத எந்தத் தமிழருக்கும் கை வராது.

நடைமுறை ஆங்கிலத்தில் இச்சொல் எதிர்மறை வாக்கியங்களில் அடிக்கடி வருகிறது. காலி வீதியில் முச்சக்கர வண்டி சட்டென்று திரும்ப, பின்னால் வேகமாக வந்த பஸ் மோதிவிடுகிறது. காப்புறுதிக்கான அறிக்கையில் பஸ் சாரதியைப் பற்றி ‘நாட் என்டயர்லி பிளேம்லெஸ்’ என்று எழுதினால், முதன்மைத் தவறு அவருடையதல்ல, ஆயினும் அவர் பக்கமும் பிழை உண்டு என்று பொருள். இதனை ‘அவர் குற்றவாளி’ என்று தமிழாக்கினால் அறிக்கையின் பொருளே மாறிவிடும். ‘அவர்மீதும் ஓரளவு பிழை உண்டு’ என்பதே பொருந்தும்.

இவற்றுக்கு நெருக்கமான பிற ஆங்கிலச் சொற்களையும் கவனியுங்கள். ‘இம்பெக்கபிள்’ என்பது பாவம் செய்ய இயலாத என்ற பொருளில் தொடங்கி, இன்று உடை, நடத்தை, மொழி ஆகியவற்றின் அப்பழுக்கற்ற தன்மைக்கு வழங்குகிறது. விபத்தில் பிழையில்லாத சாரதிக்கு அது ஒட்டாது. சாட்சியமோ தகவல் மூலமோ ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்றால் ‘அன்இம்பீச்சபிள்’. கொழும்புப் பேச்சில் ‘அவர் சரியான இன்னசன்ட்’ என்றால் அப்பாவி என்றுதான் பொருள்; ஆகையால் மேலதிகாரி ஒருவரைப் புகழ்வதாக நினைத்து ஆங்கிலக் கடிதத்தில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் இதே சிக்கலை அன்றே சந்தித்தார்கள். 1611 இல் வெளிவந்த ஆங்கில விவிலியம், கண்காணியானவர் (திருச்சபையை மேற்பார்ப்பவர்) ‘பிளேம்லெஸ்’ ஆக இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் அது ‘குற்றஞ்சாட்டப்படாதவன்’ என்று வந்தது. குற்றமில்லாதவன் என்று எளிதாக முடித்துவிடாமல், பிறர் சாட்டுவதற்கு இடமில்லாதவன் என்று எழுதிய அந்தக் கவனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ‘தமது சேவைக்காலம் முழுவதும் எவ்விதப் பழிச்சொல்லுக்கும் இடமளிக்காதவர்’ என்று எழுதலாம். சுருக்கமாக வேண்டுமானால் ‘களங்கமற்ற சேவை’ போதும். சட்டத்தரணி அதை வெட்டமாட்டார்.