போஸ்ட் கார்டில் இருந்த விலாசம்

கேள்வி: மும்பைக்குப் போன தமிழர்கள் தாராவி, மாட்டுங்கா என்று ஒரே இடத்தில் அடைந்துகொண்டது ஏன்? பரவலாகக் குடியிருந்தால் அந்த ஊரோடு கலந்திருக்கலாமே?
– வாசகி ஒருவர், கோவில்பட்டி

பதில்: இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததாக நினைக்கிறீர்கள் அம்மா. 1974-ல் நான் தாதரில் ரயிலை விட்டு இறங்கியபோது சட்டைப்பையில் இருந்தது தாய்மாமாவின் போஸ்ட் கார்டு ஒன்றுதான். அதில் தாராவி என்று இருந்தது, தாராவிக்குப் போனேன்.

மாமா அங்கே போனதற்குத் தோல்தான் காரணம். அந்தக் காலத்தில் ஆடுமாடு அறுக்கிற இடம் பாந்த்ராவில் இருந்தது. பச்சைத் தோலின் நாற்றம் ஊருக்கு ஆகாது. அதனால் பதனிடும் வேலை பக்கத்துச் சதுப்பு நிலமான தாராவிக்கு வந்தது, பின்னாலேயே திருநெல்வேலிச் சீமை ஆட்களும் வந்தார்கள். சவுராஷ்டிரத்துக் குயவர்களையும் நகரம் தள்ளித் தள்ளி இங்கேதான் கொண்டுவந்து விட்டது. அவர்களுடைய கும்பார்வாடாவின் சூளைப் புகையில்தான் என் வேட்டிகள் காய்ந்தன.

மாட்டுங்கா வேறு கதை. 1896 பிளேக்குக்குப் பிறகு வந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் அந்தப் பக்கம் மனை பிரித்தது. குளியலறையும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிற பிளாட்டுகள் எழும்பின. டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் படித்து ஆபீஸ் உத்தியோகத்துக்கு வந்த பிராமணக் குடும்பங்களுக்கு அது தோதாக இருந்தது. எங்கள் குடிசையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நான் போனது காபிப்பொடி வாங்க. ஒரே மொழி என்பதால் ஒரே இடம் என்று யார் சொன்னது?

பரேல், லால்பாக் மில் பகுதிகளில் சால் என்று வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட கட்டடங்கள் உண்டு. அவற்றைப் பார்த்திருந்தால் நீங்கள் தமிழர்களை மட்டும் கேட்டிருக்க மாட்டீர்கள். கொங்கணத்து மில் தொழிலாளிகள் கிராமம் கிராமமாக ரூம் பிடித்திருந்தார்கள். குடும்பம் ஊரில். ஒரு ஷிப்டுக்காரன் எழுந்து போனால் அடுத்தவன் வந்து அதே இடத்தில் படுப்பான். சாப்பாடு, பெண்கள் நடத்தின கானாவளியில். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடியபோது பலரும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

கலக்கவில்லை என்பதும் சரியில்லை. என் இந்தி குழாயடியில் குடம் வைத்துச் சண்டை போட்டுக் கற்றது.

கேள்வி: இப்போதும் தாராவிதானா?
– அதே வாசகி

பதில்: இல்லை. தாராவி விலாசத்தைப் பார்த்ததும் ஒரு வங்கியில் கடன் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அப்புறம் மும்பையை ஒட்டிய தானே நகரத்துப் பக்கம் போய்விட்டோம். பொங்கலுக்குப் பனங்கிழங்கு வேண்டுமென்றால் மட்டும் தாராவிக்கு ரயில் ஏறுவேன். போன தடவை வீட்டுக்காரி சொன்னதைவிட இரண்டு கட்டு கூடுதலாக வாங்கிவிட்டேன், திட்டு.