யாத்திரிகர்களின் ரோம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீண்ட காலம் பணம் சேர்த்து, சென்ற மாதம் முதன்முறையாக ஐரோப்பா போய்வந்தேன். முதலில் இறங்கிய நகரம் ரோம். டெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில்தான் எனக்குக் கட்டுப்படியானது. வெளியே வந்தால் குப்பை, சுவரெல்லாம் கிறுக்கல், ‘பை பத்திரம்’ என்ற எச்சரிக்கை. களைத்துப்போய் ஒரு சதுக்கத்தில் உட்கார்ந்து குடித்த காபிக்கு ஆறு யூரோ வாங்கிவிட்டார்கள். அதோடு மனம் விட்டுப்போனது. கொலோசியத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு ரயில் ஏறிவிட்டேன். பணம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் ஐரோப்பா முகம் காட்டுமா? அடுத்த ஆண்டு மறுபடியும் இத்தாலி வழியாகப் போகிறேன். ரோமில் இறங்கலாமா, வேண்டாமா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

இறங்குங்கள். உங்கள் கடிதத்தில் டெர்மினிதான் இருக்கிறது, ரோம் இன்னும் வரவில்லை.

மலிவான கட்டில் பெரும்பாலும் ரயில் நிலையத்தை ஒட்டித்தான் கிடைக்கும். அதனால் கையில் காசு குறைந்த பயணிக்கு எந்த நகரமும் முதலில் தன் கொல்லைப்புறத்தைத்தான் காட்டுகிறது. வால்டாக்ஸ் சாலை லாட்ஜில் இரண்டு இரவு படுத்துவிட்டுச் சென்னையைப் பற்றித் தீர்ப்பு எழுதும் ஒருவரை நீங்கள் ஏற்பீர்களா?

டெர்மினியையேகூட நீங்கள் நிதானமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. நிலையத்துக்கு வெளியே, பஸ்கள் வந்து நிற்கும் சதுக்கத்தின் ஓரத்தில், பெரிய பெரிய கற்களை அடுக்கிய பழுப்புச் சுவர் ஒன்று நிற்கிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டின் நகர மதில் அது. ஜூலியஸ் சீசர் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முந்தையது. எல்லோரும் பெட்டியை உருட்டிக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, ஒருவேளை அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ரோம் பணக்காரப் பயணிகளுக்காக உருவான நகரம் அல்ல. 1300இல் போப் எட்டாம் போனிஃபாஸ் முதல் யூபிலி ஆண்டை, அதாவது ரோமுக்கு வரும் யாத்திரிகர்களுக்குப் பாவமன்னிப்பு அளிக்கும் புனித ஆண்டை, அறிவித்ததிலிருந்து, கால்நடையாக வந்து குவிந்த ஏழை யாத்திரிகர்களைச் சமாளிப்பதே அந்த நகரத்தின் தலையாய வேலையாக இருந்திருக்கிறது. அந்த ஆண்டு சாந்த் ஆஞ்செலோ பாலத்தில் போகிறவர்களையும் வருகிறவர்களையும் இரு பக்கமாகப் பிரித்து விட்டார்கள் என்பதை இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகக் காண்டத்தில் ஓர் உவமையாகவே சொல்கிறார். 1450 யூபிலியில் அதே பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1475 யூபிலிக்குள் இன்னொரு பாலம் எழுந்தது. இன்றைக்குப் பாதசாரிகள் மட்டும் நடக்கும் போந்தே சிஸ்தோ அதுதான். அதற்கு அருகிலேயே, புனிதர் பிலிப்பு நேரி 1548இல் தொடங்கிய சபையினர் யாத்திரிகர்களுக்குச் சோறும் படுக்கையும் கொடுத்து, கால்களைக் கழுவிவிட்டார்கள். உங்கள் எட்டுக் கட்டில் அறைக்கு அங்கே நீண்ட பரம்பரை உண்டு!

போப் ஐந்தாம் சிக்ஸ்துஸின் தோட்ட மாளிகை இருந்த நிலத்தில்தான் இன்றைய டெர்மினி நிற்கிறது. 1585 முதல் ஐந்தே ஆண்டுகள் ஆண்ட அவர், பேராலயங்களை இணைத்து நேர்ச்சாலைகள் போட்டார். பழைய ரோமானியர் விட்டுச்சென்ற ஒற்றைக்கல் தூண்களைத் தூக்கி அந்தச் சாலைகளின் முனைகளில் நிறுத்தினார். வரைபடமோ வழிகாட்டியோ இல்லாதவனும் தூரத்தில் தெரியும் தூணைப் பார்த்தே அடுத்த கோயிலுக்குப் போய்விடலாம். உங்கள் விடுதியிலிருந்து நடக்கும் தொலைவில் சாந்தா மரியா மஜோரே பேராலயம். பின்புறத்தில் நிற்கும் தூண் 1587இல் அவர் நிறுத்தியது. உள்ளே ஐந்தாம் நூற்றாண்டின் மொசைக் ஓவியங்கள். போப் பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் அங்கேதான். நுழைவுக் கட்டணம் இல்லை.

ஓவியர் கரவாஜ்ஜோவின் படங்களைப் பார்க்க மற்ற நகரங்களில் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்குக் காசு கட்ட வேண்டும். ரோமில் அவருடைய மிகச் சிறந்த ஓவியங்கள் சில, எந்தத் தேவாலயத்துக்காக வரைந்தாரோ அங்கேயே இருக்கின்றன. நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள சாந்த் அகோஸ்தீனோவுக்குப் போய், இடப்பக்கம் முதல் சிற்றாலயத்தின் முன் நில்லுங்கள். வாசற்படியில் குழந்தையோடு மரியாள். அவள் முன் மண்டியிட்ட இரண்டு கிழட்டு யாத்திரிகர்கள். முன்னால் இருப்பவரின் அழுக்கேறிய உள்ளங்கால்கள் நேராக நம் கண்மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. படம் வைக்கப்பட்டபோது சாதாரண ஜனங்கள் பெரும் கூச்சல் போட்டார்கள் என்று கரவாஜ்ஜோவின் எதிரியான ஓவியர் பாலியோனே எழுதிவைத்திருக்கிறார். இளக்காரமாகத்தான் எழுதினார். தங்கள் கால்களைப் பீடத்தின் மேல் பார்த்தவர்களின் கூச்சலாகத்தான் எனக்கு அது கேட்கிறது.

சில நிமிட நடையில் சான் லூயிஜி தெய் ஃப்ரான்செசி. புனித மத்தேயுவின் மூன்று ஓவியங்கள் இருக்கும் மூலை இருட்டாக இருக்கும். பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். காசு போட மனமில்லாவிட்டால் பொறுத்திருங்கள், யாராவது போடுவார்கள். நான் அப்படிக் காத்திருந்து பார்த்தவன்தான், வெட்கமில்லை.

காபி விஷயம். இத்தாலியில் நின்றுகொண்டு குடிப்பதற்கு ஒரு விலை, உட்கார்ந்து குடிப்பதற்கு வேறு விலை. புகழ்பெற்ற சதுக்கத்து நாற்காலி என்றால் கேட்கவே வேண்டாம். பல கடைகளில் முதலில் கல்லாவில் காசைக் கட்டி, ரசீதை மேடையில் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு மிடறில் முடிந்துவிடும், ஒன்றரை யூரோவுக்குள். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் குடிக்கிறார்கள். நீங்கள் காபிக்குக் கொடுத்தது கொஞ்சம், நாற்காலிக்குக் கொடுத்தது மீதி. மதியத்துக்கு, எடை போட்டு விற்கும் பிட்சாக் கடைகள் உண்டு. எவ்வளவு அகலம் வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். தெருவோரங்களில், வளைந்த குழாயோடு இரும்புத் தூண்கள் நிற்கும், 1870களிலிருந்து. இரவு பகலாகக் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால், வளைவின் மேலுள்ள சிறு துளை வழியாக நீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். குனியாமல் குடிக்கலாம். ரோமானியக் குழந்தைகள் வழிப்போக்கர்களை நனைப்பதும் இந்த வித்தையால்தான்.

குப்பையைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, ரோமானியர்களே அதைத் திட்டித் தீர்க்கிறார்கள். காசு பிடுங்கும் போக்கும் கூடிவருகிறது. இலவசமாக நுழைய முடிந்த பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலுக்கு 2023 ஜூலையில் ஐந்து யூரோக் கட்டணம் வைத்தார்கள். ஸ்பானியப் படிக்கட்டுகளில் 2019 முதல் உட்காரவும் கூடாது, அபராதம். படிக்கட்டு வேறு எதற்காம்? மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம்தான், ஆனால் அந்த வரிசையில் நிற்கச் சொல்லி உங்களைத் தண்டிக்க மாட்டேன்.

தேவாலயங்கள் பலவும் மதியம் சில மணி நேரம் மூடிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். விடுதியை மறுபடியும் டெர்மினி பக்கமே பாருங்கள், சமையலறை உள்ளதாக. விட்டோரியோ சதுக்கத்தை ஒட்டிய எஸ்குலீனோ சந்தையில் தெற்காசியக் கடைகள் உண்டு. வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.