லே இறங்கிய அன்றே நுப்ரா போகலாமா?

கேள்வி: ஜூன் முதல் வாரம் குடும்பத்தோடு லடாக் போகிறோம். காலையில் லேயில் விமானம் இறங்கியதும் நேராக நுப்ரா பள்ளத்தாக்கு, அங்கே ஹுண்டர் மணல்மேட்டில் ஒட்டகச் சவாரி, மறுநாள் பாங்காங் ஏரி என்று டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்திருக்கிறார். ‘லேயைவிட நுப்ரா தாழ்வுதான், பயமே வேண்டாம்’ என்கிறார். அப்பாவுக்கு 64 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். கனடாவிலிருந்து ஓசிஐ அட்டையுடன் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) அண்ணியும் வருகிறார். இந்தத் திட்டம் சரிதானா?

பதில்: தாராளமாகப் போங்கள், ஆனால் இந்த வரிசையில் வேண்டாம்.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம், ஹுண்டர் சுமார் 3,100. அதுவரை அவர் சொன்னது உண்மை. இரண்டுக்கும் நடுவே 5,359 மீட்டரில் கார்துங் லா கணவாய் இருப்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார். கடல்மட்டத்தில் கிடைக்கிற ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. ராத்திரி ஹுண்டரில் அப்பாவுக்கு மூச்சுத் திணறினால், லே பெரிய மருத்துவமனைக்கு வர மறுபடி அதே கணவாய் ஏறியாக வேண்டும். ஷியோக் ஆற்றுப் பக்கம் சுற்றி வந்தாலும் சாங் லா என்ற இன்னொரு கணவாய் குறுக்கே நிற்கும்.

முதல் இரண்டு இரவும் லேயில் படுங்கள். முதல் நாள் அறையை விட்டு அதிகம் அலையக் கூடாது. இதைவிட நல்ல ஏற்பாடு, விமான நிலையத்திலிருந்தே மேற்கே 65 கிலோமீட்டரில் உள்ள அல்ச்சிக்குப் போவது. அதுவும் ஹுண்டர் அளவு உயரம்தான், வழியில் கணவாயே கிடையாது. கமிஷன் தரும் ஹோட்டல்கள் அங்கே குறைவு, அதனால் ஏஜென்ட்டுகள் வாய் திறப்பதில்லை. மூன்றாம் நாள் நுப்ரா போய் இரண்டு இரவு தங்குங்கள். பாங்காங் 4,200 மீட்டருக்கு மேல். அதைக் கடைசியில் வையுங்கள். அப்பாவுக்குத் தலைவலியோ குமட்டலோ இருந்தால் ஏரியை விட்டுவிடுங்கள்.

உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்க, அசிட்டசோலமைடு மாத்திரையைப் பெரும்பாலும் 125 மில்லிகிராம் வீதம் இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து கொடுப்பார்கள். அப்பாவின் பிபி மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து கலந்திருக்கலாம், சல்ஃபா ஒவ்வாமையும் இருக்கலாம். ஆகவே அவருடைய டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, விடாத இருமல், நடையில் தள்ளாட்டம், இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கற்பூரம் முகர்ந்தால் சரியாகாது. பேக்கேஜில் ‘இலவச ஆக்சிஜன்’ என்று தருகிற 10 லிட்டர் கேன், நிமிடத்துக்கு 2 லிட்டர் வைத்தால் 5 நிமிடத்தில் காலி. அதைக் காட்டித்தான் வயதானவர்களைத் துணிச்சலாக மேலே ஏற்றுகிறார்கள்.

பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஏஜென்ட்டிடம் முழுத் தொகையும் கொடுத்துவிட்டு, ஹோட்டலுக்கு ஒரு பைசா போகாமல் வரவேற்பறையில் நிற்பவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. ஹோட்டலுக்கு நீங்களே போன் போட்டு முன்பதிவை உறுதி செய்யுங்கள். லே டாக்சி சங்கத்தின் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும், கையில் ரொக்கமும் வேண்டும்.

அண்ணி விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். ஓசிஐ அட்டை இந்தியக் குடியுரிமை ஆகாது. லே ஊருக்கும் அல்ச்சிக்கும் அவருக்குத் தடையில்லை. நுப்ராவுக்கும் பாங்காங்குக்கும் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தேவை. லேயில் பதிவுபெற்ற முகவர் மூலம், பாஸ்போர்ட், ஓசிஐ நகல்களுடன் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவருக்கு இது வேண்டாம். பிள்ளைகளிடம் கனடா பாஸ்போர்ட் இருந்தால் அவர்களுக்கும் வேண்டும். ‘பழைய ஆதாரைக் காட்டிச் சமாளிக்கலாம்’ என்று எவராவது சொன்னால் அந்த ஆளை அத்தோடு விடுங்கள். சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் வண்டியோடு எல்லோரும் திரும்ப வேண்டிவரும்.

இந்தியர்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று 2021-லேயே உத்தரவு வந்தது. ஆனாலும் சுற்றுச்சூழல் கட்டணத்தைக் கட்டி ரசீதைக் காட்டு என்கிறார்கள். நீக்கிவிட்டதாகச் சொன்னதையே வேறு பெயரில் கேட்டால் ஊருக்குப் புதிதாக வருபவர் என்ன செய்வார்? குழப்பம் நீடிக்கும் வரை தரகர்களுக்குக் கொண்டாட்டம். அரசின் இணையதளத்தில் நீங்களே கட்டிவிடலாம். ரசீதில் மூன்று நகல் எடுத்து டிரைவரிடம் ஒன்று கொடுத்துவிடுங்கள்.