மலையடிவாரத்து நிலம்: மழையை நம்பித் தென்னை வைக்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டைக்குக் கிழக்கே நான்கு ஏக்கர் புஞ்சை விலைக்கு வருகிறது. மலை கண்ணெதிரே தெரிகிறது. ஆடியில் போனபோது சாரலும் அடித்தது. மழையை நம்பியே தென்னை வைக்கலாம் என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: மழையை நம்பி வாங்காதீர்கள். மலைக்கு எந்தப் பக்கம் நிலம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையில் மோதி, மேலே ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தைக் கேரளச் சரிவிலும் மலைமேலும் கொட்டிவிடும். உங்கள் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடாகி, மிச்சமிருக்கிற மேகத்தையும் கரைத்துவிடும். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3000 மி.மீ.க்கு மேல் பெய்யும். உடுமலையில் அதில் கால்வாசி தேறுவதே கடினம். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான்.

ஆடிச் சாரல் மேல்மண்ணை நனைக்கும், வேருக்குப் போகாது. தரகர்கள் ஆட்களைக் கூட்டிப்போவதே அந்த மாதத்தில்தான், மண்ணும் பச்சையாகத் தெரியும். வால்பாறை மழைக் கணக்கை 'நம்ம ஏரியா மழை' என்று காட்டுபவர்களும் உண்டு. நிலத்தைச் சித்திரையில் போய்ப் பாருங்கள்.

'பொள்ளாச்சியில் பெய்யலையா?' என்று தரகர் அடுத்து கேட்பார். பெய்கிறது. அங்கே மேற்கில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. காற்று மலை ஏறாமலே ஈரத்தோடு நுழைவதால் ஆனி, ஆடியில் பொள்ளாச்சியின் மேற்குப் பக்கம் நன்றாக நனையும். செங்கோட்டைக் கணவாயால் தென்காசிக்குக் கிடைப்பதும் இதே யோகம்தான். ஆனால் கணவாயை விட்டுக் கிழக்கே வர வர மழை குறைந்துகொண்டே போகும். காற்று மட்டும் வரும். உடுமலை சுற்றிலும் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பொள்ளாச்சியைக் காட்டி உங்கள் நிலத்துக்கு விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, அந்தக் கிராமத்தின் மழைக் கணக்கைப் பார்க்கலாம் என்றால், மழைமானி ஊருக்கு ஊர் கிடையாது. எங்கோ இருக்கும் ஒன்றின் அளவுதான் சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் கணக்கு. அதையும் பத்து வருடத்துக்குக் கேட்டால் மேசைக்கு மேசை அலையவிடுகிறார்கள். ஊராட்சிப் பலகையில் எழுதிப் போட்டால் எத்தனை குடும்பம் பிழைக்கும்!

அதனால் அடங்கலை, அதாவது நிலத்தில் வருடா வருடம் என்ன பயிர் என்று எழுதிய கிராமக் கணக்கை, வாங்கிப் பாருங்கள். வருடா வருடம் சோளமும் கொள்ளுமே இருந்தால் அது மானாவாரி பூமி. பிஏபி (பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம்) பாசனத்தில் வருகிறதா, எந்த மண்டலம் என்று கேளுங்கள். நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். தென்னைக்கோ வருடம் முழுக்க வேண்டும். அப்புறம், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் சித்திரையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.