பல் எல்லாம் தேய்ந்து குட்டையாகிவிட்டது, முழு வாய்க்கும் கேப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடலாம். ஆனால் ஏன் தேய்ந்தது என்று உங்கள் மருத்துவர் சொன்னாரா? அது தெரியாமல் ஒரு பல்லைக்கூடச் சீவ விடாதீர்கள். நான் பட்டு அறிந்தது இது.

எனக்குத் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம். போதாததற்கு, இரவில் தொண்டை வரை அமிலம் எதுக்களிக்கும். மேல் முன்பற்களின் உள்பக்கம் நாக்குக்கு வழவழவென்று இருக்கும். எனாமல் கரைந்துபோனதால் வந்த வழவழப்பு என்று பிறகுதான் தெரிந்தது. வெளிப்பக்கம் ஒழுங்காக இருந்ததால் கண்ணாடியில் ஒன்றும் பிடிபடவில்லை.

முதலில் பார்த்தவர் எதையும் விசாரிக்காமல் 4 கேப் மாட்டிவிட்டார். எட்டே மாதத்தில் ஒன்று உடைந்தது. பல் தேயத் தேய, எலும்போடு சேர்ந்து எதிர்ப்பல்லை நோக்கி மெல்ல நகர்ந்து வந்துவிடுமாம். குட்டைப் பல்லின் மேல் கேப் உட்கார இடமே இருக்காது. இடம் வேண்டுமென்றால் கடிக்கும் உயரத்தையே கூட்ட வேண்டும். முன்னால் மட்டும் கூட்டினால் பின்பற்கள் ஒட்டாமல் நிற்கும். பெரும்பாலும் முழு வாய்க்கும் செய்யச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது மருத்துவர் முதலில் என்னை வயிற்று டாக்டரிடம் அனுப்பினார். அப்புறம் புதிய உயரம் தாடைக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்க 6 வாரம் பல்மேல் மாட்டிக்கொள்ளும் அக்ரிலிக் தட்டு. அதன்பின் டெம்பரரி கேப், 3 மாதம். என்னைக் கேட்டால் சிகிச்சையே இந்த 3 மாதம்தான். முதல் வாரம் 'ஸ' என்றால் விசில் வந்தது. உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார், நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார், அழுத்தமாக மை பட்ட இடத்தை மயிரிழை அளவு தேய்ப்பார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திருத்தங்களை அப்படியே பார்த்துத்தான் நிரந்தரக் கேப் செய்தார்கள். டெம்பரரியைப் பத்தே நாளில் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

பின்பற்களுக்கு ஜிர்கோனியா என்ற கெட்டியான பீங்கான் வகைக் கேப். 2 பற்களுக்கு ரூட் கெனால் தேவைப்பட்டது. எனாமல் மிச்சமிருந்த பற்களைச் சீவவே இல்லை, பல் நிறப் பசையை ஒட்டியே உயரமாக்கினார். உங்களுக்கும் அப்படி முடியுமா என்று கேளுங்கள்.

கடிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. தினமும் நைட் கார்டு (தூங்கும்போது பல்லுக்கு மாட்டும் காப்பு உறை) போட்டுத்தான் படுக்கிறேன். போன மாதம் மருத்துவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். கடைவாய்ப் பக்கம் வரிவரியாகப் பள்ளம்.

"இதெல்லாம் உங்க கேப்ல விழுந்திருக்க வேண்டியது" என்றார்.