பழைய பென்ஸுக்கு 17 அங்குல வீல்

கேள்வி: என்னிடம் 1982 மாடல் மெர்சிடிஸ் டபிள்யூ123 இருக்கிறது. 195/70 ஆர்14 டயர்களைக் கழற்றிவிட்டு, 17 அங்குல அலாய் வீலில் 215/45 டயர் போட்டேன். பார்க்க அம்சமாக இருக்கிறது. ஆனால் சின்னப் பள்ளத்துக்கே தூக்கிப் போடுகிறது; டேஷ்போர்டு கடகடக்கிறது. மெத்தென்ற ஷாக் அப்சார்பர் மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அதில் காசைப் போடாதீர்கள்.

கார் குலுங்கினாலே எல்லோரும் முதலில் ஷாக் அப்சார்பரைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள். உங்கள் விஷயத்தில் அது நிரபராதி. கணக்கைப் பாருங்கள். பழைய டயரின் அகலம் 195 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 136.5 மில்லிமீட்டர். புதியது 215-இல் 45 சதவீதம், 97-ஐக்கூடத் தொடவில்லை. மொத்த விட்டம் மட்டும் 629-இலிருந்து 625-க்குத்தான் இறங்கியிருக்கிறது. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது என்பதால் விற்றவரும் அளவு கச்சிதம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ரப்பரும் காற்றும் இருந்த 40 மில்லிமீட்டரில் இப்போது உலோகம் உட்கார்ந்திருக்கிறது.

அந்த 40 மில்லிமீட்டரும் உங்கள் சஸ்பென்ஷனில் ஒரு பாகம். இந்தக் கார் உருவான காலத்தில் ஸ்பிரிங், ஷாக், ரப்பர் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் மெத்தை) எல்லாவற்றையும் உயரமான டயரோடு சேர்த்தேதான் கணக்குப் போட்டார்கள். மேடு பள்ளத்தில் பாடி மெதுவாக, நொடிக்கு ஏறக்குறைய ஒரு முறை ஏறி இறங்குமே, அதை ஸ்பிரிங்கும் ஷாக்கும் கவனித்துக்கொள்ளும். கல், சாலை இணைப்பு, பள்ளத்தின் விளிம்பு மாதிரி வெடுக்கென்று வரும் அடியை முதலில் வாங்குவது டயரின் பக்கச்சுவர். அது குட்டையானால் அடி நேராகப் புஷ்ஷுக்குப் போகும், அங்கிருந்து டேஷ்போர்டுக்கு. இன்றைய கார்கள் 17, 18 அங்குலத்தில் சமாளிக்கின்றன என்றால், பாடியின் விறைப்பிலிருந்து புஷ் வரை அதற்கென்றே செய்திருக்கிறார்கள்.

எடையையும் பாருங்கள். அலாய் என்றாலே லேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வார்ப்பு அலாயில் 17 அங்குலம் பெரும்பாலும் 14 அங்குல இரும்பு வீலைவிடக் கனமாகத்தான் இருக்கும். இரண்டையும் டயரோடு எடை மெஷினில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கனமான வீலைக் கட்டுப்படுத்தும் வேலையும் ஷாக்குடையதுதான். அதைப் போய் மெத்தென்று ஆக்கினால் வீல் துள்ளும், சாலையில் பிடி போகும்.

காற்றைக் குறைத்து ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பழைய டயரின் லோடு எண் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 215/45 ஆர்17 சாதாரண வகையில் 87தான், 545 கிலோ. 91 வேண்டுமென்றால் எக்ஸ்ட்ரா லோடு வகை வாங்க வேண்டும். அதுவும் அந்த முழு எடையைத் தாங்க 42 பி.எஸ்.ஐ. கேட்கும். ஆக, அதே பாரத்துக்கு முன்பைவிட அதிகக் காற்று. குறைத்தால் டயர் சூடேறும், பள்ளத்தில் ரிம் விரிசல் விடும்.

பழைய 14 அங்குல வீல்கள் கைவசம் இருந்தால் மாட்டி, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. எழுத்துகளின் வரிசையில் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரொம்பப் பழையது என்றால் ரப்பர் இறுகியிருக்கும், புதிதாக வாங்குங்கள். கொஞ்சம் பெரிய வீல்தான் வேண்டும் என்றால் 15 அங்குலத்தில் 205/60. பக்கச்சுவர் 123, விட்டம் 627. ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) கம்பெனி அளவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்; ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, எங்கும் உரசுகிறதா என்று பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் காருக்கு 14தான் அழகு. நீங்கள் கேட்கவில்லை, சரி.

கேள்வி: லோ புரொஃபைல், அதாவது பக்கச்சுவர் குட்டையான டயர் போட்டால் பழைய காரும் வளைவில் நன்றாகத் திரும்பும் என்கிறார்களே, உண்மையா? (இன்னொரு வாசகர்)

பதில்: பக்கச்சுவர் குறைவாக வளைவதால் ஸ்டீயரிங்குக்குச் சட்டென்று பதில் வரும், உண்மைதான். ஆனால் அகலமான டயர் சாலையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு காரை அங்கும் இங்கும் இழுக்கும். பவர் ஸ்டீயரிங் இல்லையென்றால் நிறுத்தும்போது தோள்பட்டை சொல்லும். முதலில் ஸ்டீயரிங் பாக்ஸில் ஆட்டம், பால் ஜாயின்ட், வீல் அலைன்மென்ட் மூன்றையும் சரிபாருங்கள். பல பழைய கார்கள் அதிலேயே நேராகிவிடுகின்றன.