ஸ்கேன் அறிக்கையில் ‘கோலிலிதியாசிஸ்’: அம்பாசமுத்திரம் அன்பருக்குப் பதில்

உங்கள் தாயாரின் வயிற்று ஸ்கேன் அறிக்கையில் உள்ள ‘கோலிலிதியாசிஸ்’, ‘சிபிடி நார்மல்’ ஆகியவற்றுக்குப் பொருள் கேட்டிருந்தீர்கள். முதலாவது, கல்லீரலின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்து, அது சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைக்கும் பித்தப்பையில் கல் இருப்பதைக் குறிக்கிறது. இது சிறுநீரகக் கல் அன்று என்பதால், அக்கம்பக்கத்தார் சொல்லும் வாழைத்தண்டுச் சாற்றை நம்பியிருக்க வேண்டாம். சிபிடி என்பது பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளம். அது இயல்பான அகலத்தில் இருப்பது நல்ல செய்திதான். நீங்கள் எழுதியுள்ளவற்றில் ‘கோலிசிஸ்டைடிஸ்’, அதாவது பித்தப்பை அழற்சி, இடம்பெறவில்லை. தொந்தரவே தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால் வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, காய்ச்சல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், அம்பையிலிருந்து தாமதியாமல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.